படத்தடியில் கிடந்த வாட்ச்

என் வீட்டுக்காரர் இறந்துபோன பதினாறாம் நாள், பந்தி முடிந்து வெற்றிலை போடும்போதே அவருடைய பொருள்களைப் பிரித்தார்கள். பைக் அவருடைய அண்ணன் மகனுக்கு. வேட்டி சட்டைகள் பங்காளிகளுக்கு. எங்களுக்கு ஒரே மகள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் ஆம்பளை புழங்கிய பொருள் தங்கக் கூடாது என்று யார் எந்தக் காலத்தில் சட்டம் போட்டார்களோ! எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த நான், சாவி கொடுக்கும் அவருடைய பழைய வாட்சில் அவர்கள் கை வைத்ததும் எழுந்துவிட்டேன்.

“அத மட்டும் இங்கன வையுங்க.”

அவருடைய அண்ணன், என் மைத்துனர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான்கு பேர் முன்னால் வம்பு வேண்டாம் என்று நினைத்திருப்பார். “சரிம்மா, தம்பி படத்துக்கு முன்னால இருந்துட்டுப் போவட்டும்” என்றார். படத்தடியில் நாள் முழுக்க மந்திரம் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதன் தலையில் வாட்சை வைத்து, பூவும் வைத்தார்கள்.

சில மாதம் அப்படியே கிடந்தது. ஒரு நாள் காலையில் எடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் கட்டத் தோன்றியது, கட்டினேன். வார் பெரிதாக இருந்ததால் இன்னொரு ஓட்டை போட்டேன். பசுவந்தனையில் எனக்குத் தையல் கடை. ஓட்டை போடுவது பெரிய காரியமா?

ஆனால் வாட்ச் தலைதெறிக்க ஓடியது. காலையில் செல்லைப் பார்த்துத் திருத்தினால் மதியத்துக்குள் அரை மணி நேரம் முந்திவிடும். அது மைத்துனர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே பேசினார்.

“ஒழுங்கா ஓடாத வாட்ச்சக் கட்டிக்கிட்டு ஊரு சிரிக்கவா திரியுத? வருசத் தெவசத்துக்குள்ள சரியா ஓடுச்சின்னா நீயே வச்சுக்க. இல்லன்னா எம்மவன்ட்ட குடுத்துரு.”

“சரி அத்தான்” என்றேன். கோபத்தில் சொன்ன சரி அது.

அடுத்த நாளே கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். வாட்ச் கடை அண்ணாச்சி ஒரு திசைகாட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். முள் சட்டென்று திரும்பியது.

“காந்தம் ஏறியிருக்கும்மா. உள்ள இருக்க சுருளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓட்டமா ஓடுது. ஸ்பீக்கர் கிட்ட எதுவும் வச்சியளா?”

மந்திரப் பெட்டி! அதற்குள் இருப்பது ஸ்பீக்கர்தானே. எனக்குக் கடையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கையில் இருந்தவரை ஒழுங்காக ஓடிய வாட்சை, மரியாதை செய்கிறோம் என்று பூ வைத்தே கெடுத்திருக்கிறோம்.

காந்தத்தை எடுக்க அண்ணாச்சிக்கு நொடி நேரம்தான் ஆனது. “இன்னும் கொஞ்சம் முந்தும். உங்க கையில கட்டிப் பாத்துப் பாத்துத்தான் குறைக்கணும். தெனமும் வருவியளா?”

“எத நகட்டணும்னு காட்டுங்க அண்ணாச்சி.”

பின்மூடியைத் திறந்து காட்டினார். ஆடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் மேலே சின்ன நெம்பு. ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. கழித்தல் பக்கம் தள்ளினால் ஓட்டம் குறையும். “வீட்டுல தொட்டுராதீய, மயிரிழைதான்” என்றார். தையல் மெஷினில் நூல் இழுப்பை இருபது வருஷமாக மயிரிழை மயிரிழையாகத் திருகுகிறவள் நான். வீட்டில்தான் தொட்டேன்.

கரிசல் காற்று ஒரு தூசியை உள்ளே விட்டாலும் போச்சு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பல்குத்தும் குச்சியால் தள்ளினேன். அதிகமாகப் போய்விட்டது, மறுநாள் பின்தங்கியது. திரும்பத் தள்ளினேன். மூன்று வாரம் இதே பாடு. கடைசியில் ஒரு சின்ன முந்தல் மட்டும் மிச்சம். அதற்கும் வழி கண்டேன். ராத்திரி வாட்சைப் படுக்கப் போடாமல், நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தால் அந்த முந்தலும் கழிந்துவிடும். செல்லோடு ஒட்டி ஓடியது. அது என் வீட்டுக்காரர் கையில்கூட அப்படி ஓடியதில்லை, சத்தியமாக.

தெவசம் வந்தது. முந்தின நாள் மாவாட்டி, காய் நறுக்கி, அலுப்பில் வாட்சை அப்படியே படுக்கப் போட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் திருத்தவும் நினைப்பில்லை.

படையல் முடிந்ததும் மைத்துனர் மறக்காமல் செல்லை எடுத்து என் கைப்பக்கம் நீட்டினார். அவர் மகனும் எட்டிப் பார்த்தான். “பாத்தியா, முந்துது” என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

காந்தம், நெம்பு, நிமிர்த்தி வைப்பது என்று எல்லா விளக்கமும் வாய் வரை வந்தது. சொன்னால் ஒத்துக்கொண்டுகூட இருப்பார். ஆனால் இவர் வைத்த பரீட்சையில் நான் எதற்குப் பாஸாக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

“ஆமா, முந்துது. தரமாட்டேன்.”

“சரின்னு ஒத்துக்கிட்டவதான நீ?”

“ஒத்துக்கிட்டது தப்பு அத்தான். ஓடாம நின்னாலும் இது எங்கிட்டதான் நிக்கும். எலை போட்டாச்சு, உக்காருங்க.”

உட்கார்ந்தார். வாட்ச் கட்டிய கையாலேயே அவர் இலையைப் பிடித்துக்கொண்டு சோறு வைத்தேன்.