தங்கப் பல்லில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதல் பொட்டு என் கையால்தான். தண்ணீர் மோட்டார், கிரைண்டர், மகனின் பைக், எல்லாவற்றுக்கும் நான் வைத்ததுதான். ஒன்றும் மக்கர் செய்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

போன வருடம் திருப்பதி வீட்டில் மருமகளின் கம்ப்யூட்டரில் டிஸ்க் செத்துப்போனது. மறுநாள் காலை ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே மெஷின் படம் வரைந்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை. குழந்தை பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகாதவள். ரேணிகுண்டா போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தாள். விரல் நீளம்தான் இருந்தது. ஒரு முனையில் தங்கப் பற்கள் வரிசையாக.

அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனாள். தங்கம் இருக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டேன். காலடி கேட்டது. சிரிப்பாளே என்று முந்தானையால் துடைத்து, பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மாட்டினாள். டிஸ்க் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"டிரைவர் போடணும் அத்தே. புது டிஸ்க்க கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுக்கிறதுக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம்."

பக்கத்து வீட்டு லேப்டாப்பிலிருந்து அதைப் பென் டிரைவில் எடுத்து வந்தாள். இரண்டு முறை போட்டும் ஆகவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஆன் பண்ணா வருதே மொத ஸ்க்ரீன், அதுல டிஸ்க் பேரு தெரியுதாம்மா?"

"இல்லண்ணா."

"அப்ப டிரைவரத் திட்டாத. அது அப்புறம் வர்ற வேலை. டிஸ்க்கு சரியா ஒக்காரல. கழட்டி மாட்டு."

கழற்றி மாட்டினாள். அப்படியேதான் இருந்தது.

"டிஸ்க்கே கெட்டது போல. கம்பெனிக்கு நாளைக்கு வரலன்னு எழுதிடறேன்." போனை எடுத்தாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பழி டிஸ்க்கோடு போயிருக்கும். ஆனால் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாத. நான் அதுக்கு சந்தனம் வெச்சேன்."

"எங்க?"

"அந்தத் தங்கப் பல்லு மேல."

போனைக் கீழே வைத்தாள். "கைக்கு வேற எடமே கெடைக்கலியா அத்தே? போயும் போயும் வாயிலியா பொட்டு வெப்பாங்க?"

கரண்ட்டை நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றினாள். ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகத் துகள் வந்தது. மாட்டுகிற இடத்தையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். இந்த முறை முதல் ஸ்க்ரீனில் டிஸ்க் பேர் வந்தது. விண்டோஸ் போடும்போது மட்டும் மறுபடி காணோம். பென் டிரைவில் இருந்த டிரைவரை ஏற்றினாள், அங்கேயும் டிஸ்க் வந்துவிட்டது.

"கடைக்காரண்ணன் சொன்னது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. ரெண்டும் சரிதான்," என்றாள்.

"நான் வெச்சது?"

"அதப் பத்திப் பேசிக்கினு இருக்காதீங்க."

மறுநாள் காலை நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினேன். அவள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் பெட்டியின் தகர மூடியைத் தட்டிக் காட்டினாள்.

"பொட்டு இங்க வெய்ங்க. சின்னதா."

வைத்தேன். தினமும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் இப்போது கம்பெனி வேலை பார்க்கிறாள்.