சிங்கி பொரித்த தைப்பூசம்

"இதுவும் செத்தா கொட்டகை தூத்தோப், முனியா. மூடிட வேண்டியதுதான். உனக்கும் வேலை இல்ல" என்றார் துரை.

தொட்டியில் கிடந்தது மூன்றாவது தாய்ச் சிங்கி. வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை. பினாங்குக் கடலோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, சிங்கி இறாலைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்க வெள்ளைக்காரத் துரை பாடுபட்ட காலம் அது. தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் நான். முதல் இரண்டும் முட்டையோடு செத்துப்போயின. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. என் கையால் தீனி தின்றவை செத்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. துரை கொடுத்த மரவாளி பார்க்கவே சகிக்காது. அதனால் வீட்டுச் செம்புக் குடத்தைக் கொண்டுவந்து, தினமும் புளி போட்டுத் தேய்த்து, கடல்நீரை மொண்டு, இரவு முழுக்கத் தெளியவைத்துக் காலையில் தொட்டியில் ஊற்றுவேன். செம்பில் வைத்த தண்ணீருக்கு ஈடு உண்டா என்ற பெருமை வேறு.

மூன்றாவது சிங்கி வந்த அன்றே என் மனைவி கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"குடத்தக் குடுங்க. தைப்பூசத்துக்குப் பால்குடம் நேந்திருக்கேன். இனிமே அதுல கவுச்சி படக்கூடாது."

"வேலைக்கு வேணும்டி."

"உங்க வேலை நிலைக்கத்தானே நேந்திருக்கேன். முருகனவிட உங்க சிங்கி பெருசா?"

குடம் போயிற்று. வேண்டாவெறுப்பாக மரவாளியை எடுத்தேன். நாள் ஆக ஆக முட்டை முற்றிப் பழுப்பாயிற்று. சிங்கி சாகவில்லை.

தைப்பூசத்தன்று விடிந்ததும் கொட்டகையைத் திறந்தேன். தண்ணீர் முழுக்கத் தூசி. போச்சு என்று வாளியால் மொண்டு கொட்டப்போனேன். தூசி சன்னல் வெளிச்சத்தை நோக்கி நீந்தியது. குனிந்து பார்த்தால், கண்ணாடியில் செய்த குட்டிச் சிலந்திகள் மாதிரி அத்தனையும் குஞ்சு. துரை பங்களாவுக்கு ஓடிய ஓட்டத்தில் வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

துரை இரவு உடையோடு வந்து தொட்டிமுன் மண்டியிட்டார். எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகுதான் கேட்டார்.

"இந்தத் தடவை என்ன மாத்தின?"

"ஒன்னும் இல்லீங்க தொரே. செம்புக் குடம் மட்டும் பால்குடத்துக்குப் போயிருச்சு."

துரையின் சிரிப்பு நின்றது. கடல்நீரில் செம்பு ஊறினால் சிங்கிக்கு விஷம் என்றார். முதல் இரண்டையும் கொன்றது என் சுத்தம்தான். தலைகுனிந்து நின்றேன். "மறைக்காம சொன்னியே, அது போதும்" என்றார்.

அந்தக் குஞ்சுகள் சில நாள்தான் இருந்தன. ஆனால் பொரிக்கவைக்கும் வழி தெரிந்துவிட்டதால் துரை கொட்டகையை மூடவில்லை. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தப்பைத் தேடும்போது, நாம் பெருமைப்படுகிற இடத்தில் முதலில் தேடுங்கள்.

முருகன்தான் பொரிக்கவைத்தான் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. குடத்தை வாங்கிக்கொண்டவன் அவன்தானே.