முதலில் பிரேக்

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் கொன்ஸ்ரன்ரைன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியே வேலை பழகியவர். வேகக் கார் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் பிரேக்கை மாற்றச் சொல்வார். எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது பிறகுதான். போன வருடம் வெள்ளவத்தை ரகுநந்தன் கெஞ்சியதால், அவனுக்கு மட்டும் எஞ்சினை முதலில் டியூன் செய்து கொடுத்தார். பிரேக்கை அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். அதற்குள் அதிவேகப் பாதையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் ரகுநந்தன் செத்துப்போனான்.

இப்போது அவனுடைய தம்பி தனஞ்சயன் புதுக் காரோடு வந்து நின்றான்.

"அண்ணாக்குச் செய்த அதே டியூனை இதுக்கும் செய்யுங்கோ."

"பிரேக்கை மாத்துவம் தம்பி. எஞ்சின் இப்பிடியே இருக்கட்டும்."

"நிப்பாட்டவோ இதை வாங்கினனான்? அதுக்கு பஸ் போதுமே. உங்களுக்குப் பயமெண்டால் சொல்லுங்கோ, வத்தளையில ஒருத்தன் நாளைக்கே செய்து தாறன் எண்டவன்."

அந்த வத்தளைக்காரன் பிரேக்கைத் தொடவே மாட்டான். கொன்ஸ்ரன்ரைன் சாவியை வாங்கிக்கொண்டார்.

மூன்று நாள் வேலை செய்தார். பெரிய பிரேக்கைப் பூட்டினார். சைலன்சரை மாற்றி, உறுமல் நன்றாகக் கேட்கும்படி செய்தார். எஞ்சினில் கை வைக்கவில்லை.

தனஞ்சயன் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான். "இப்பதான் பறக்குது. எவ்வளவு கூட்டினனீங்கள், அண்ணை?"

"நீர் கேட்டளவு."

வாடிக்கையாளரிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. வேறு யாரிடமாவது எஞ்சின் சக்தியை அளந்து பார்க்கும் நாள்வரைக்குமாவது இவன் உயிரோடிருப்பான் என்று எண்ணிக்கொண்டு கராஜ் கேற்றைத் திறந்துவிட்டார்.