மான் தலைப் பன்னீர்ச்செம்பு

கொண்டாட்டத்தில் பெண்பிள்ளைக்கு அடுத்த மரியாதை பன்னீர் தெளிக்கிறவளுக்குத்தான் என்று நான் நம்பியிருந்த வயது. சுவிஸின் பீல் நகரில், அக்கா பெரியபிள்ளையானதற்கு எடுத்த சாமத்திய வீடு. வீடியோக்காரரின் ட்ரோன் கூரைக்கும் எங்கள் தலைக்கும் நடுவில் இரைந்துகொண்டு திரிந்தது. மண்டப வாசலில் நான். கையில் மாமாவின் வெள்ளிப் பன்னீர்ச்செம்பு.

அந்தச் செம்பு மாமாவின் உயிர். பூட்டனார் காலத்துச் சொத்து, அகதியாக வந்தபோது துவாயில் சுற்றிக் கொண்டுவந்தேன் என்பார். அதன் வயிற்றில் முடிதரித்த மான் தலை ஒன்று பொறித்திருந்தது. அதற்கும் கதை வைத்திருந்தார்; பூட்டனார் பெரிய வேட்டைக்காரராம். ஒரே குறை, துளைகள் பெரியவை. மெல்ல ஆட்டினாலே ஆள் நனைந்துவிடும். மாமியின் தம்பி ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்:

"அத்தான், இது பன்னீர்ச்செம்போ, பூவாளியோ?"

அன்று கீழ்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவும் வந்தார். ஆங்கிலேயர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. சுவிஸ்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். பன்னீருக்குக் கை நீட்டியவர் செம்பையே வாங்கிவிட்டார். மான் தலையைப் பெருவிரலால் தடவினார்.

"இது எங்கள் ரெஜிமென்டின் மான்," என்றார் என்னிடம் ஜெர்மனில். "விருந்து மேசையில் இதால்தான் சீனி தூவுவோம். உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

நான் பூட்டனார், வேட்டை, துவாய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பின்னால் நின்ற மாமாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியின் தம்பி கிட்ட வந்தார்.

"என்னவாம் அத்தான்? சீனி எண்டு ஏதோ கேட்டுதே?"

சபை நிறைந்த நேரத்தில் மாமாவின் மானம் கப்பலேற இருந்தது. தாத்தா மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இதை எனக்குத் தெரியும். மிகப் பழைய குடும்பத்துச் சொத்து. நன்றாக வைத்திருக்கிறீர்கள்."

மாமாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. தாத்தாவை முன்வரிசையில் இருத்தி, போதும் போதும் என்று அவர் கும்பிடும்வரை வடையாகக் கொடுத்தார். பூவாளி என்ற சொல்லை அதன்பிறகு நான் கேட்கவேயில்லை.

வளர்ந்த பிறகுதான் மாமா உண்மையைச் சொன்னார். பூட்டனாரின் செம்பு, இடம்பெயர்ந்தபோது ஊர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலேயே நின்றுவிட்டது. இப்போது அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. இது பழைய சாமான் கடையில் கரண்டிகளுக்கு நடுவே கிடந்து அகப்பட்டது.

"அப்ப அந்த வேட்டைக் கதை?"

"சனம் கேட்டுது, சொன்னன்."

தாத்தாவின் கதையும் மாமாவின் வாயால்தான் தெரியவந்தது. அந்த ரெஜிமென்டை வேறொன்றோடு சேர்த்து, பெயரையே எடுத்துவிட்டார்களாம். அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாக அதற்குக் கொடுத்துச் சேர்த்த வெள்ளிச் சாமான்கள் திக்குக்கு ஒன்றாகப் போய்விட்டனவாம்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? போகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கும் வழக்கமில்லை. ஆனால் தாத்தா வெளிக்கிடும்போது மறுபடியும் என் முன்னால் வந்து, செம்பின் மானைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பிறகு தலையைத் தாழ்த்தினார். கண் கலங்கியிருந்தது. மனுசனுக்குப் பன்னீர் வாசம் பிடித்துப்போயிற்று என்று நினைத்து, மொட்டைத் தலை நனைய நனைய நன்றாக ஆட்டிவிட்டேன்.