லிஃப்ட் மெக்கானிக்குக்கு வந்த அழைப்பு

வேலையை விட்டுப் பிரசங்கியாக ஊழியத்துக்குப் போகும் ஆசை லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. மொட்டை மாடி மோட்டார் அறைகளில், கிரீஸ் படிந்த கையோடு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் சத்தமாகப் பிரசங்கம் செய்து பழகியவர். ஒருமுறை லிஃப்டுக்குள் நின்ற அம்மாள் ஒருத்தி, தலைக்கு மேலிருந்து "மனந்திரும்பு" என்று வந்த குரலைக் கேட்டு வெலவெலத்துப் போனாளாம்.

நாற்பதைத் தாண்டிய பிறகு வேதாகமக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வேறு ஊர். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அவரும் மனைவியும் சாமான் கட்டத் தொடங்கினார்கள். அந்த வாரம்தான் அவருடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது.

அண்ணன் குடித்தே பெண்டாட்டியைத் துரத்தியவர். தம்பியோடும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. இப்போது வலப்பக்கம் விழுந்து, வாய் குழறியது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எந்த வீட்டுக்கு என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்துவிடுவார். இது சாத்தானின் தடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போதகரிடம் போனார், அவரும் அண்ணனைச் சேர்க்க நல்லதொரு முதியோர் இல்லத்தைச் சொன்னார். அப்பாடா என்று வெளியே வந்தவருக்கு அந்த நிம்மதி தெருமுனை வரைகூட நீடிக்கவில்லை. வேலையிலும் புத்தி நிற்கவில்லை. ஒரு நாள் ஒரு லிஃப்டின் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுப் பஸ் ஏறியவர், நட்டை முறுக்கினோமா என்ற பயத்தில் பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடினார். முறுக்கித்தான் இருந்தது.

வீட்டில் மனைவி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் புலம்பினார். அவள் நிமிராமலே கேட்டாள்.

"கோச்சுக்காதீங்க. போன்னு ஆண்டவர் சொன்னாரா, இல்ல நீங்க போறேன்னு சொல்லி அவரைத் தலையாட்ட வச்சீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"இத்தனை வருஷத்துல போகட்டுமான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? எப்ப அனுப்புவீங்கன்னுதானே கேட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் முழங்காலில் நின்றார். போகட்டுமா என்று அன்றுதான் கேட்டார். குரல் எதுவும் வரவில்லை. ஆனால் எந்தப் பதிலுக்குப் பயந்து இத்தனை நாள் கேட்காமல் இருந்தோம் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

கட்டிய பெட்டிகளை ஒதுக்கி அண்ணனுக்குக் கட்டில் போட்டார்கள். கல்லூரிக்கு வரவில்லை என்று தெரிவித்தார். மேலாளர் முன் கையைப் பிசைந்து நின்று பழைய வேலையைக் கேட்டு வாங்கினார். முதல் நாள் குளிப்பாட்டும்போது அண்ணன் கூச்சத்தில் இடது கையால் அவரைத் தள்ளினார். பிறகு குலுங்கி அழுதார்.

"சும்மா இருண்ணே," என்றார் தம்பி. அடுத்த சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினார்.

கவலை அதோடு தீர்ந்துவிடவில்லை. கல்லூரி திறக்கும் மாதம் வந்தால் இப்போதும் அவருக்கு மனதைப் பிசைகிறது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைக்கிறார். சாயங்காலம் அண்ணன் அலமாரியைக் காட்டி வேதம் வாசிக்கச் சொல்வார். ஒரு அதிகாரம் முடியுமுன் குறட்டை வரும். நிறுத்தினால் உடனே கண்ணைத் திறந்து பார்ப்பார். ஆகவே தம்பி நிறுத்துவதில்லை.