மைக்கை நீட்டும் இடம்

கல்யாண விருந்துகளில் பாடுகிறவளுக்கு முதல் எதிரி கோழி வறுவல். இரண்டாவது எதிரி அவளுடைய சொந்தப் பாட்டு. கோழியை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

பாகான் செராய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, இருபது வயதில் எழுதிய பாட்டு அது. கிறிஸ்மஸ் கலைநிகழ்ச்சிக்குப் பாலன் பிறந்ததைப் பற்றி எழுதச் சொன்னார் பாதிரியார். நான் சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து ஆட்களைச் சினிமாவுக்கு ஏற்றிப்போகும் லோரியைப் பற்றி எழுதினேன். பாதிரியாருக்கு முகம் சுருங்கிப்போனது. சனத்துக்கோ அந்தப் பாட்டை விட மனமில்லை. கேசட்டில் வந்தது, வானொலியில் வந்தது. இப்போது பேராக் மாநிலம் முழுக்க எந்தத் தமிழ் விருந்தில் நான் மேடை ஏறினாலும், “லோரி பாட்டு!” என்று ஒரு குரல் வந்துவிடும். அதை எழுதியது நான் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. “அது அந்தக் காலத்துப் பாட்டாச்சே அக்கா” என்பார்கள். நானும் அந்தக் காலத்து ஆள்தான் என்று யார் சொல்வது?

பாட்டின் உச்சியில் “ஏறிக்கோ” என்று லோரியிலிருந்து காதலனை அழைக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த ‘ஏ’ மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் காற்று வாங்கும். இருபது வயதில் அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறுபதைத் தாண்டியதும் தொண்டை அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டது. இஞ்சி, தேன், கருமிளகு எல்லாம் போட்டுப் பார்த்தேன். வயிறுதான் சரியானது.

ஒருமுறை ஈப்போவில், சரியாக அந்த இடத்தில் இருமல் வந்து, மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிவிட்டேன். மண்டபமே “ஏஏஏறிக்கோ” என்று பாடியது. கீழே இறங்கினால், “அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு, நம்மளையும் பாட வைக்கிறாங்க பாரு” என்று ஒரே பாராட்டு. அன்றிலிருந்து அந்தப் பெரிய மனசை எல்லா மேடையிலும் காட்டி வந்தேன்.

எங்கள் குழு இப்போது மூன்றே பேர். நான், கீபோர்டு வாசிக்கும் தம்பி, வேன் ஓட்டிவந்து ஒலிபெருக்கி கட்டி மிக்சர் முன்னால் உட்காரும் என் கணவர். தம்பி என்றாலும் அவர் பேரன் எடுத்தவர். என் வித்தை அவருக்குத் தெரியும்.

“அக்கா, ஒரு கட்டை இறக்கிக்கலாம்லா. யாருக்கு தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்லா.”

இறக்கிப் பாடினால் நான் முடிந்துபோனேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு வீம்பு.

போன வருடம் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள் நான். அந்த நாட்களில் வீட்டில் சத்தமே இல்லாமல் எனக்குக் கண் மூடவில்லை. அவர் வீட்டுக்கு வந்து பழையபடி குறட்டை விடத் தொடங்கியதும் அடுக்களையில் நின்று ஒரு பாட்டு எழுதினேன். பல வருடம் கழித்து வந்த பாட்டு. சமைத்துக்கொண்டே முணுமுணுக்கிற தாழ்ந்த சுதியில் தானாக வந்து உட்கார்ந்தது.

தம்பிக்கு மட்டும் பாடிக் காட்டினேன். அதன்பிறகு ஒவ்வொரு விருந்திலும், “இன்னைக்குப் பாடலாமாக்கா?” என்பார். நான் தலையாட்டி மறுப்பேன். யாருக்கும் தெரியாத பாட்டில் மைக்கை யாரிடம் நீட்டுவது? முதலிலிருந்து கடைசி வரை நானே பாட வேண்டும். பாடியும் சனம் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பழைய பாட்டை வைத்துக் காலம் தள்ளுகிறவள் என்பது எனக்கே உறுதியாகிவிடும். எனக்கு அதுதான் பயம், வேறொன்றுமில்லை.

இந்த வருடம் சித்தியவானில் ஒரு விருந்து. மாப்பிள்ளை அங்கே வங்கியில் வேலை. முன்வரிசை மேசைகளில் அவருடன் வேலை செய்யும் சீனர்கள். கேட்டபடி லோரிப் பாட்டை எடுத்தேன். உச்சி வந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடி, மைக்கை நீட்டினேன்.

ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். நான் பாடிக்கொண்டிருந்தபோதே ஆட்டுக்கறிப் பாத்திரத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதை நம் ஆட்கள் ஒருநாளும் மீறியதில்லை. மொத்தத் தமிழர்களும் பின்னால் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு எதிரே இருந்தது வங்கி மட்டும். அவர்கள் நீட்டிய மைக்கைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக எழுந்து கிளாசைத் தூக்கினார்கள்.

“யாஆஆஆஆஆம்…”

நம் ஊர் விருந்துகளில் சீனர்கள் வாழ்த்தாக மூச்சு இருக்கும்வரை இழுத்து, “செங்” என்று முடித்துக் குடிப்பார்களே, அந்த யாம் செங். மைக் நீட்டினால் அதற்குத்தானே என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தம்பியும் விடாமல் கீபோர்டில் அவர்கள் சுதியைப் பிடித்து அழுத்தினார். கறி வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வழக்கப்படி மூன்று தரம். ஒவ்வொரு தரமும் நான் எட்ட முடியாத உயரத்துக்கு ஒரு வங்கி அதிகாரி சர்வ சாதாரணமாகப் போய் வந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

மூன்றாவது செங் முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். லோரி பாதி வழியில் நிற்கிறது. அதை மறுபடி கிளப்ப வேண்டுமென்றால் அந்த ‘ஏ’யிலிருந்து நான்தான் தொடங்க வேண்டும். தம்பி குனிந்து கேட்டார்.

“என்னாக்கா, மேல போறீங்களா?”

“இல்ல தம்பி. குறட்டை.”

அவர் தாழ்ந்த சுதியை மெதுவாக வைத்தார். நான் பாடினேன்.

“குறட்டை கேட்டால் கண்ணயர்வேன்,
நின்றுபோனால் எழுந்திருப்பேன்.
மூச்சு வரும் திசை பார்த்து
முகம் திருப்பிப் படுத்திருப்பேன்.”

 குரல் நடுங்கவில்லை. நானே அறியாத ஒரு கனம் அதில் இருந்தது. மிக்சர் முன்னால் என் கணவர் முதலில் சிரித்தார், யாரையோ கேலி செய்கிற பாட்டு என்று நினைத்து. மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு, எந்தக் கோளாறும் இல்லாத ஒரு ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

முடித்தேன். சில மேசைகளில் கைதட்டல். பல மேசைகளில் ஆட்டுக்கறி. நான் பயந்தது இதுதான். ஆனால் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. சரி, போகட்டும் என்று லோரியை மறுபடி எடுக்கத் தொண்டையைச் செருமினேன்.

அப்போது மாப்பிள்ளையின் சின்னம்மா, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி மேடை ஓரத்துக்கு வேகமாக வந்தார்.

“அக்கா, லோரி பாட்டு வேணாம்லா, அது எப்பவும் கேக்குறதுதானே. இப்ப பாடுனீங்களே, அதோட ஆரம்பத்தை நான் கேக்கல. கை கழுவப் போய்ட்டேன். முதல்லேருந்து இன்னொரு வாட்டி பாடுங்களேன். எங்க வீட்டுக்காரரையும் கூட்டியாறேன், இருங்க.”

அவர் வரிசைக்குள் புகுந்து ஒரு பெரிய மனிதரைத் தட்டோடு இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் நின்றபடியே காத்திருந்தார்கள்.

பாடினேன். இந்த முறை இரண்டாவது வரியிலேயே அழுகை வந்து குரல் உடைந்தது. மைக்கை யாரிடமும் நீட்டவில்லை. உடைந்த குரலிலேயே பாடி முடித்தேன்.