குடைக்கு முன்னால் முப்பத்தெட்டுக் குழாய்கள்

டாக்டர் ரத்தினசாமி சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடிப்பார். அடிப்பாதி விரல்களுக்குள் இருக்கும். மேல்பாதி மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காயும். மூத்திரம் கொதித்ததும் மூன்று சொட்டு அமிலம் விடுவார். பிறகு சன்னலில் தொங்கும் கறுப்புக் குடைக்கு முன்னால் குழாயை நீட்டி, மூச்சை அடக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் நோட்டில் பூஜ்யம். வெண்மை தெரிந்தால் கூட்டல் குறி. சிறுநீரகம் கசிகிறது என்று அர்த்தம். மழை கொட்டினாலும் அந்தக் குடையை எடுக்கமாட்டார். நனைந்தேதான் வருவார்.

நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயக் குடும்பம் அவருடையது. கோழிக்கோட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பனார் குப்பண்ணன் உடம்பெல்லாம் நீர் கோத்து இறந்தார். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1971இல் வண்டன்மேட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த மூன்றாவது லயத்தில் இரண்டே வருடத்தில் ஐந்து பேர் அதே மாதிரி வீங்கிச் செத்தார்கள். இடுப்பு நோவுக்குத் தினமும் விழுங்கும் மாத்திரைதான் காரணமோ என்று அவருக்குச் சந்தேகம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த லயத்துத் தொழிலாளர்கள் முப்பத்தெட்டுப் பேரும் குப்பியில் இரண்டு விரல் உயரத்துக்கு மூத்திரம் கொண்டுவர வேண்டும் என்றார். குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது டிஸ்பென்சரி குமாஸ்தாவான என் வேலை.

முதல் மாதம் ஒன்பது குழாய்களில் வெண்மை. எல்லாரையும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்; மோசமாக இருந்த மூன்று பேருக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லி மானேஜருக்கு எழுதினார். மானேஜரோ அவர்களை வேலைக்கு லாயக்கில்லை என்று தள்ளி, லயத்து வீட்டைக் காலிசெய்ய வைத்தார். டாக்டர் மானேஜர் பங்களாவுக்கு மூன்று முறை நடந்தார். பலனில்லை. அந்த வீடுகளுக்கு வேறு மூன்று தொழிலாளர்கள் வந்தார்கள்.

அடுத்த மாதம் முப்பத்தெட்டும் தெளிவு. மாத்திரையை நிறுத்தியதன் பலன் என்று நோட்டில் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க அம்மணி, கண்ணு ரெண்டும் பணியாரமாட்டம் உப்பியிருக்குது. குப்பி மட்டும் சுனைத்தண்ணியாட்டம் இருக்குதுங்களே?” என்று குப்பியோடு வரிசையில் நின்ற முத்துப்பேச்சியைக் கேட்டார்.

“மாமியாகூடச் சண்டை, அழுதேன் டாக்டரய்யா. வேணும்னா அவ கண்ணையும் பாருங்க, அதுவும் வீங்கித்தான் கெடக்கும்.”

வரிசை சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

ஒன்றரை வருடம் இப்படியே தெளிவு. அந்த லயத்தில் வீரபாண்டியின் மனைவி சின்னத்தாய் மட்டும் குப்பி கொண்டுவரமாட்டாள். கம்பத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். தோட்டத்தில் பேர் பதியவில்லை. மாதாமாதம் குப்பித் திங்களுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் பெண்கள் அவள் வீட்டுக்குச் செம்பில் மோர் கொண்டுபோவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் உண்டாவதற்கு முன்பே அந்த மோர் போய்க்கொண்டிருந்தது.

எழுபத்தைந்து, ஆடி மாதத் திங்கட்கிழமை. முதல் குழாய் வெண்மை. இரண்டாவதும். பத்தாவதில் டாக்டர் அமிலப் புட்டியை முகர்ந்து பார்த்தார்; புதுப் புட்டியை உடைத்தார். தன்னுடையதையே காய்ச்சிப் பார்த்தார், அது தெளிவு. முப்பத்தெட்டும் தயிராக உறைந்து நின்றன.

“ஒரே மாசத்துல முப்பத்தெட்டுப் பேர்த்துக்கும் ஒரே மாதிரி கெடாதுங்க, தம்பி. தண்ணியிலதான் என்னமோ விழுந்திருக்குது.”

கங்காணி நல்லமுத்துவைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குக் குடிதண்ணீர் வரும் உச்சித் தொட்டிக்கு ஏறினார். அன்றைக்குத்தான் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் முத்துப்பேச்சி வாசலில் நின்றாள்.

“டாக்டரய்யா எங்க?”

“தொட்டிக்குப் போயிருக்கார்.”

குழாய்களைப் பார்த்தாள். “எல்லாமே வெள்ளையாவா?”

“எல்லாமே.”

“வீட்டக் காலிபண்ணச் சொல்வாகளோ?”

தெரியாது என்றேன். எதையோ சொல்ல வாயெடுத்தவள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள்.

இரண்டு மணிக்கு வீரபாண்டி ஓடிவந்தான். சின்னத்தாய்க்கு வலிப்பு. ஆள் போய்ச் சொல்லி, டாக்டர் சறுக்கி விழுந்து எழுந்து வந்துசேர நான்கு ஆகிவிட்டது. அவள் கால்கள் இரண்டும் வாழைத்தண்டாக வீங்கியிருந்தன. ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஏழு மாதப் பிள்ளையும்.

டாக்டர் லயத்துப் படியில் சேற்றோடு உட்கார்ந்தார். “மாசமா இருக்கறவளுக்கு இந்த வலிப்பு சொல்லாமக் கொள்ளாம வராதுங்க. மூத்திரத்துல முன்னாடியே காட்டியிரும். ஒரே ஒருக்கா இவ குப்பி வந்திருந்தாப் போதுமே!”

அதுவரை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாதம் பதினான்கில் வெண்மை, மற்றவை தெளிவு. தொட்டியைக் கழுவியதால் குறைந்தது என்று டாக்டர் எழுதினார். மருத்துவப் பத்திரிகை ஒன்றில் அது மூன்று பக்கக் கட்டுரையாக வந்தது: மலைத்தோட்டக் குடிநீரில் அறியப்படாத நஞ்சு. எழுபத்தேழில் வேலையை விட்டு நல்லேப்பிள்ளிக்குப் போனார். இன்றும் ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து அந்த நஞ்சைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் கம்பத்தில் முத்துப்பேச்சியைப் பார்த்தேன். பாயிலிருந்து எழ முடியாமல், முகம் ஊதிக் கிடந்தாள். டாக்டரிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்: வீடு போய்விடும் என்று பயந்து, அந்த ஒன்றரை வருடமும் முப்பத்தெட்டுக் குப்பிகளிலும் அவர்கள் ஊற்றிக் கொடுத்தது சின்னத்தாயின் மூத்திரம்.